நரி முகத்தில் விழித்த ஐப்பசி

என் வயசுக்காரர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். யாருக்காவது வேலை கிடைத்தால், வரன் அமைந்தால், "இன்னிக்கி நரி முகத்துல முழிச்சியா?" என்று கேட்டுச் சிரிக்கிறீர்களே, உங்களில் எத்தனை பேர் நிஜமாகவே நரி முகத்தில் விழித்திருக்கிறீர்கள்? நான் விழித்திருக்கிறேன். சும்மா இல்லை, குடும்பமாகத் திட்டம் போட்டு, விடியற்காலையில் எழுந்து, ஆற்றங்கரை நெடுக நடந்து போய் விழித்தோம். அதனால்தான் பந்தியிலோ பஸ்ஸிலோ யாராவது அப்படிக் கேட்கும்போது எனக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை.

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை அடிவாரம். கோமுகி ஆறு வீட்டுக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் ஓடும். அந்த வருஷம் எனக்கு ஏழோ எட்டோ வயசு. வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா, அவர்கள் இருவருக்கும் தங்கையான அத்தை. காணி நிலம் கிடையாது. கரும்புத் தோட்டங்களில் கூலி வேலை.

சித்தப்பாவுக்குச் சோகை உரிக்கிற வேலை. கரும்பின் அடியில் காய்ந்து தொங்கும் தோகையைத்தான் சோகை என்போம். அதன் ஓரம் ரம்பம் மாதிரி அறுக்கும். புரட்டாசி, ஐப்பசியில் பார்த்தால் அவருடைய உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு எல்லாம் கோடு கோடாகக் கீறியிருக்கும். சாப்பிட உட்கார்ந்தால் புளிக்குழம்பு பட்டு எரியும். ஸ்ஸ்... ஸ்ஸ்... என்று இழுத்துக்கொண்டேதான் ஒவ்வொரு வாயும். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, எரியாத கையை வைத்துக்கொண்டு ஸ்ஸ் என்பேன். "இன்னா பாப்பா, நீயும் அம்மாம் பெரிய தோட்டத்த உரிச்சியா?" என்று கேட்பார். அம்மா இருவரையும் சேர்த்துத் திட்டுவாள்.

அத்தைக்கு வரன் அமையவில்லை. வருகிறவர்கள் வந்தார்கள், பஜ்ஜி தின்றார்கள், வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அப்புறம் அந்தத் திசையிலிருந்து காக்கைகூட வரவில்லை. அத்தைக்கு ஒரு குறையும் கிடையாது. கறுப்பு என்றார்கள். வந்தவர்கள் மட்டும் என்னவோ பாலில் குளித்து வந்தவர்கள் மாதிரி! தங்கையைக் கட்டிக்கொடுக்காமல் தனக்குக் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது என்று சித்தப்பா வேறு சொல்லிவிட்டார். ஆக ஒரு வாசல் அடைத்துக்கொண்டதில் இரண்டு பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் கரும்பு ஆலையில் வேலை செய்கிறான் என்றார்கள். ஆலை வேலை என்றால் எங்களுக்குக் கலெக்டர் வேலை. இதுவும் தட்டிப்போகக் கூடாது என்று அப்பாவுக்கு நடுக்கம். ஒருநாள் சாயங்காலம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து முடிவாகச் சொன்னார்:

"அவங்க வர்றதுக்குள்ள பொண்ண நரி முகத்துல முழிக்க வெக்கணும். அப்பால எவன் தட்டிக் கழிக்கறான் பாக்கறேன்."

"ஆமா, நரிதான் தாலி எடுத்துக்கினு வருது" என்றாள் அம்மா. ஆனால் மறுநாள் விடிவதற்கு முன் எல்லோரையும் எழுப்பிவிட்டதும் அம்மாதான்.

அதற்கென்று எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருந்தது. படுக்கையிலிருந்து எழுந்தால் முகம் கழுவக் கூடாது, மனுஷ முகம் பார்க்கக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. அன்றைக்குக் கண்ணில் படுகிற முதல் முகம் நரியின் முகமாக இருக்க வேண்டும். அதனால் அத்தை தலையில் துண்டைப் போட்டு மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, தன் கால் கட்டைவிரலை மட்டும் பார்த்தபடி நடப்பாள். ஒரு மூங்கில் கழியின் ஒரு முனை சித்தப்பா கையில், மறுமுனை அத்தை கையில். சின்னப் பிள்ளை கண்ணுக்குத் தோஷமில்லை என்று என்னை முன்னால் விட்டார்கள். நரியைக் கண்டால் நான் கூவக் கூடாது. ஓடிவந்து அத்தையின் புடவையை இழுக்க வேண்டும். அவள் துண்டை விலக்கிப் பார்ப்பாள். பார்த்த பிறகும் பேசக் கூடாது. வீட்டுக்கு வந்து, அம்மா ஏற்றி வைத்திருக்கும் விளக்கைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கலாம். நடுவில் பேசினால் பலன் வாயோடு போய்விடும்.

அந்த நடையை நினைத்தால் இன்றைக்கும் கால் ஜில்லென்கிறது. மழை பெய்து ஓய்ந்த ஐப்பசி. மலை கழுவிவிட்டது போலக் கிட்டத்தில் நிற்கும். ஈர மணல் காலுக்கடியில் அமுங்கும், நாணல் பூத்திருக்கும், கரையெல்லாம் அழுகிய இலை வாசமும், தோட்டத்திலிருந்து பச்சைக் கரும்பு வாசமும். அப்போது கோமுகியில் மணல் இருந்தது. இப்போது போய்ப் பார்த்தால் பாறையும் பிளாஸ்டிக் பையும்தான் இருக்கிறது, அதை விடுங்கள்.

மூன்று பேரும் பேசாமல் நடப்பதால் ஆறு எங்களை ஆளாகவே மதிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு போனால் காடு இவ்வளவு பக்கத்தில் வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் நாள் இரண்டு நீர்நாய்கள். மீனைப் பிடித்து மணலில் ஏறிக் குந்திக்கொண்டு, கையில் வைத்து, தலைப்பக்கத்திலிருந்து கறுமுறுவென்று கடித்துத் தின்றன. எனக்கு வாயெல்லாம் சிரிப்பு. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். இன்னொரு நாள் மலையிலிருந்து இறங்கிய புள்ளிமான்கள் எதிர்க்கரையில் தண்ணீர் குடித்தன. ஒரு குட்டி மட்டும் குடிக்காமல் என்னையே பார்த்தது. ஒருநாள் காட்டுப்பன்றி ஒன்று, பின்னால் வரிக்கோடு போட்ட ஆறேழு குட்டிகளோடு, எங்கள் பாதையைக் குறுக்கே கடந்து போயிற்று. சித்தப்பா கழியை இறுக்கிப் பிடித்து நின்றார். துண்டுக்குள் அத்தைக்கு ஒன்றும் தெரியாது. ஏன் நின்றோம் என்று கழியை லேசாக ஆட்டிக் கேட்டாள். ஒன்றுமில்லை என்று அவரும் ஆட்டிப் பதில் சொன்னார்.

இத்தனையும் நான் பார்த்தேன். யாருக்காக நடந்தோமோ அவள் தன் கால் கட்டைவிரலைத்தான் பார்த்தாள். அதை நினைக்கும்போது எனக்கு அப்பா மேல் கோபம் வரும்.

நரிகளும் இருந்தன. கரும்பு தின்னவும் மணலில் நண்டு பிடிக்கவும் வரும். ஆனால் நரியின் முகம் யாருக்கும் கிடைப்பதில்லை, வால்தான் கிடைக்கும். நான் கண்டு, ஓடிவந்து, இழுத்து, அவள் துண்டை விலக்குவதற்குள் அது நாணலுக்குள் போய்விடும். பகலில் வீட்டில் அப்பா தலையில் கை வைத்து உட்காருவார். "இன்னாடா, முழு வாலுதானா?" என்பார் சித்தப்பாவிடம். "இல்லண்ணா, இன்னிக்கி முதுகு வரைக்கும் கெடச்சுது" என்பார் சித்தப்பா. அத்தை விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அப்புறம் அந்தக் காலை வந்தது. பனிமூட்டம் தண்ணீர் மேல் படுத்திருந்தது. நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது, திரும்பிவிடலாம் என்று சித்தப்பா கையைக் காட்டினார். அப்போது கரும்புத் தோட்டத்திலிருந்து ஒரு நரி மணலுக்கு இறங்கியது. எங்களைக் கண்டு ஓடவில்லை. நேராக எங்களைப் பார்த்து வந்தது. மெதுவாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து, கள் குடித்த ஆள் நடப்பது மாதிரி. வாயோரத்தில் நூலாக எச்சில் தொங்கியது.

நான் ஓடிப்போய் அத்தையின் புடவையை இழுத்தேன். அவள் துண்டை விலக்கினாள். அத்தையும் நரியும் முகத்துக்கு முகம். இத்தனை நாள் தவமிருந்து கிடைத்த முகம். அத்தையின் கண் நிறைந்தது. சித்தப்பா, என்ன சொல்ல, கழியைக் கீழே போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

கும்பிட்ட கை கும்பிட்டபடி இருக்க, நரி பாய்ந்தது. அத்தையின் கணுக்காலைப் புடவையோடு சேர்த்துக் கவ்வியது. உதறியது. விடவில்லை. சித்தப்பா மண்டியிட்டு வெறும் கையால் அதன் வாயைப் பிடித்தார். மேல்தாடை ஒரு கையில், கீழ்த்தாடை ஒரு கையில். கோணிப்பை வாயைப் பிரிக்கிற மாதிரி பிரித்தார். எச்சில் அவர் மணிக்கட்டுவரை வழிந்தது. பிரித்துத் தள்ளியதும் நரி எழுந்து, எங்களைத் திரும்பிப் பார்க்காமல், அதே சாய்ந்த நடையோடு கரும்புக்குள் போயிற்று.

நான் உங்களுக்குச் சொல்ல வந்த அதிர்ச்சி இது இல்லை. இத்தனையும் நடந்தபோது ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, அதுதான். அத்தை கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள். சித்தப்பா கத்தவில்லை. நான் அழவில்லை. பேசினால் பலன் போய்விடுமே! ரத்தம் மணலில் சொட்டச் சொட்ட, மூன்று பேரும் ஊமைகளாக வீட்டுக்கு நடந்தோம். நடுவில் அத்தை என்னைப் பார்த்து, நொண்டிக்கொண்டே, சிரித்தாள்.

விளக்கைப் பார்த்த பிறகுதான் வாய் திறந்தது. "கெடச்சுதுண்ணா! முகம் கெடச்சுது!" என்றார் சித்தப்பா. அப்பா துள்ளிவிட்டார். நரி தானாக வந்து தொட்டிருக்கிறதே! "அது வாய் வெச்ச எடம் வெளங்கும்டா" என்றார். அம்மாதான் காயத்தைத் துடைத்து, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக் கட்டினாள். சித்தப்பா எச்சில் பட்ட கையைத் தலையில் தடவிக்கொண்டார். "எனக்கும் கொஞ்சம் ராசி ஒட்டட்டும், அண்ணி" என்றார். நாங்கள் சிரித்தோம். ஐயோ, நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

நாலைந்து நாளில் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பையனின் பெரியம்மாதான் அவர்களில் தலை. வெற்றிலை போட்ட வாய், கனத்த உடம்பு, பார்வையால் ஆளைத் தராசில் வைக்கிற கண். பெண்ணை நடக்கச் சொல்லிப் பார்ப்பது அப்போதெல்லாம் வழக்கம். கால் ஊனம் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமாம். நடக்கச் சொன்னார்கள். அத்தை நடந்தாள். மாட்டுச்சந்தை கெட்டது போங்கள்.

"கால்ல இன்னாமா கட்டு?" என்றாள் பெரியம்மா.

அம்மா வாயெல்லாம் பல்லாக நரி கதையைச் சொன்னாள். விட்ட இடத்தை அப்பா நிரப்பினார். கேட்கக் கேட்கப் பெரியம்மாவின் வெற்றிலை வாய் மெல்லுவதை நிறுத்திவிட்டது.

"பட்டப்பகல்ல மனுசனுக்கு எதுக்கால வர்ற நரி நல்ல நரியா? வெறி புடிச்ச நரிங்க அது! நரி வலம் போனா இன்னா, இடம் போனா இன்னா, மேல வுழுந்து கடிக்காம போனா சரின்னு பெரியவங்க சொல்லிக்கிறாங்க. உங்க பொண்ணு மேலயே வுழுந்து கடிச்சிகீது. நீங்க இன்னாடான்னா பஜ்ஜி சுட்டுகினு கீறீங்க!"

அவள் காபியைத் தொடவில்லை. எழுந்துவிட்டாள். அவளுடைய வீட்டுக்காரர் வெறிநாய் கடித்துத்தான் போனாராம். "டவுன் ஆஸ்பத்திரிக்கி இட்டுகினு போயி தொப்புள சுத்தி ஊசி போடுங்க. பொண்ணு பொழைக்கட்டும். மத்ததெல்லாம் அப்பால பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வாசலில் இறங்கினாள்.

அப்பா ஆடிப்போய்விட்டார், நரிக்காக அல்ல, வரனுக்காக. "தட்டிக் கழிக்க ஒரு சாக்கு" என்று கத்தினார். ஊசி கிடையாது, ஒன்றும் கிடையாது என்றார். அண்ணன் எதிரில் குரலே உயர்த்தாத சித்தப்பா அன்றைக்குத்தான் உயர்த்தினார்:

"அந்தம்மா தாலிய அறுத்துட்டு வந்து சொல்லுதுண்ணா. நான் இட்டுகினு போறேன். நீ தடுக்காத."

மறுநாள் முதல் பஸ்ஸில் அத்தையைக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப் போனார். ஒரு நாள் தவறாமல் பதினான்கு நாள். இரண்டு முறை நானும் தொற்றிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பினாயில் வாசம். சுவரோரம் ஒரு மரப் பெஞ்சு. உள்ளே அத்தை "அம்மா" என்று கத்துவது வெளியே கேட்கும். ஆற்றங்கரையில் விழுங்கிய கத்தலையெல்லாம் சேர்த்துக் கத்துகிறாளோ என்று இருக்கும். வயிறு வீங்கி, புடவைக் கொசுவத்தைத் தளர்த்திப் பிடித்தபடி வெளியே வருவாள். சித்தப்பா கமர்கட் வாங்கி வைத்திருப்பார். "இதுக்கே இந்தக் கத்து கத்துறியே, நாளைக்கி புள்ள எப்பிடி பெத்துக்குவ?" என்பார். அவள் அவர் முதுகில் அடிப்பாள். திரும்பும்போது ஜன்னலோர இடம் எப்போதும் அவளுக்கு.

ஊசி போடும் நர்ஸம்மா ஒருநாள் அத்தையிடம், ஒரு ஊசியைக்கூட விடக் கூடாது, அந்த நோய் வந்தால் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இழுத்துக்கொள்ளும், அப்புறம் கடவுளாலும் முடியாது என்று சொன்னாள். பிறகு வெளியே வந்து சித்தப்பாவிடம் கேட்டாள். நான் அருகில்தான் இருந்தேன்.

"வேற யாரையாவது கடிச்சுதா?"

"இல்லீங்க. இதுக்கு மட்டுந்தாங்க."

"உங்கள?"

"எம்மேல பல்லே படலீங்க."

உண்மையைத்தான் சொன்னார். பல் படவில்லை. மடிமேல் விரித்து வைத்திருந்த கையில் அன்றைக்கும் புதுசாகச் சோகைக் கீறல்கள் இருந்தன. கரும்புக்காரன் கையில் கீறல் இருப்பது யாருக்குப் புதுசு? ஊசி அறை எங்களுக்குப் பத்தடிக்கு அப்பால் இருந்தது. பதினான்கு நாள் அவர் அதன் வாசலில் உட்கார்ந்திருந்தார். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் என் வாய்க்கே நம்ப முடிவதில்லை.

மார்கழியில் அவருக்குக் கை மரத்தது. விரலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். சோகைக் கீறல் என்று அம்மா தேங்காயெண்ணெய் தடவினாள். அப்புறம் ஜுரம். தூக்கமில்லை. வாசல் கதவைத் திறந்தால் காற்றுக்குத் திடுக்கிட்டு மூலையில் ஒடுங்கினார். ஆற்றங்கரையில் ஏதோ காற்றுக் கருப்பு அடித்துவிட்டது என்று அப்பா பூசாரியைக் கூட்டிவந்தார். பூசாரி வேப்பிலையால் அடித்தார். பிறகு மந்திரித்த தண்ணீரைச் சொம்போடு சித்தப்பாவின் முகத்தில் வீசினார்.

அப்படி ஒரு சத்தம் மனுஷன் தொண்டையிலிருந்து வரும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, கண் பிதுங்கி, இல்லாத தண்ணீரில் மூழ்குகிறவர் மாதிரி காற்றுக்குத் தவித்தார். பூசாரியின் கையிலிருந்த சொம்பைத் தட்டிவிட்டது அத்தைதான்.

"பேயில்ல! பேயில்ல! நரி வாயப் புடிச்ச கைண்ணா அது! சின்னண்ணனுக்கு நரி நோவு!"

வண்டி கட்டிக்கொண்டு டவுனுக்குப் போனோம். நான் அம்மாவின் இடுப்பை விடாததால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். நர்ஸம்மாவுக்கு எங்களைக் கண்டதும் அடையாளம் தெரிந்தது. முதலில் அத்தையைத்தான் பார்த்தாள், மேலும் கீழுமாக. பிறகு வண்டியிலிருந்து இறக்கப்பட்டவரைப் பார்த்தாள். "கூட வந்தவரு ஆச்சே இவரு" என்றாள். அப்பா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

பெரியம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். தை பிறந்து, அத்தைக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு திரும்பி வந்தாள். துக்கம் கழிந்து கல்யாணமும் நடந்தது. அத்தை இன்றைக்கும் பேரன் பேத்திகளோடு இருக்கிறாள். ராசி பலித்துவிட்டது என்று ஊரில் சிலர் சொன்னார்கள். சொன்னவர்கள் வாயில் மண்.

ஆனால் எனக்கு அந்த மார்கழி மறக்காது. ஆஸ்பத்திரியின் கோடியில் ஒரு தனி அறை. கை காலைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். நடுநடுவே அவருக்கு நல்ல நினைவு வந்தது. நம் சித்தப்பாவாகவே பேசினார். காலை வெயில் வந்த நேரம் அத்தையைக் கூப்பிட்டார்.

"ஒனக்குத் தண்ணி எறங்குதா?"

"எறங்குதுண்ணா."

"பொய் சொல்லாத. அந்தச் சொம்ப எடு. என் எதுக்கால குடி. நான் பாக்கணும்."

தண்ணீரைக் காட்டாதீர்கள் என்று நர்ஸம்மா பதறினாள். அவர் பிடிவாதமாகத் தலையை ஆட்டினார். அத்தை சொம்பை எடுத்தாள். தண்ணீரைக் கண்டதும் அவருக்குக் கழுத்து இழுத்தது, கட்டில் குலுங்கியது, கட்டிய துணி மணிக்கட்டை அறுத்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், திருப்பவில்லை. அத்தை அண்ணாந்து குடித்தாள். கண்ணீர் ஒரு பக்கம் வழிய, மடக்கு மடக்காக, தொண்டையில் இறங்குவது எல்லோருக்கும் தெரியும்படி கடைசிச் சொட்டுவரை குடித்தாள். அவள் சொம்பைக் கவிழ்த்துக் காட்டிய பிறகுதான் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.